ஒலி எண்ணான கதை

தேவாலாவுக்கு நீங்கள் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வானிலைச் செய்தியில், "அதிக அளவாக நீலகிரி மாவட்டம் தேவாலாவில்" என்று சொல்லி மழையளவைச் சென்டிமீட்டரில் படிப்பார்கள். கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையே, வயநாட்டை ஒட்டி இருக்கும் ஊர் அது. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாய்க் காடு, அத்துண்டுகளுக்கு இடையே போய்வரும் யானைகள்.

அங்கே ஒரு மழை இரவை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து லயன் வீடு ஒன்றில் நீங்கள் விருந்தாளி. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. திடீரென்று நாய்கள் குரைக்கின்றன. "பேசாம இருங்க, வாழைக்கிட்ட நிக்குது" என்று வீட்டுக்காரர் மெல்லச் சொல்கிறார். நீங்கள் கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவை ஓடவிடுகிறீர்கள். இருட்டில் ஒரு துடிப்பு, காதில் விழுந்ததா நெஞ்சில் பட்டதா என்று சொல்ல முடியாதபடி, வந்து வந்து போகிறது. காலையில் பதிவைப் போட்டுக் கேட்டால் மழை இருக்கிறது, நாய் இருக்கிறது, வீட்டுக்காரர் குரலும் இருக்கிறது. யானை மட்டும் இல்லை.

யானை எங்கே தொலைந்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், மனிதன் ஒலியை மெழுகில் பிடித்து, பிறகு எண்ணாக்கி, கடைசியில் ஒரு கோப்புக்குள் அடைத்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மெழுகில் பிடித்த குரல்

எடிசன் தமது போனோகிராஃபைச் செய்தது 1877 இல். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத் தேவாலாவுக்குத் தங்கக் காய்ச்சல் வந்தது. ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை பார்த்துப் பழகிய பிரஃப் ஸ்மைத் என்பவர் 1879 இல் அரசு சார்பில் வந்து வயநாட்டுப் பாறைகளை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. தேவாலாவைச் சுற்றிச் சுரங்கம் வெட்டினார்கள். பாறையை இடிக்கும் எந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து மலையேற்றினார்கள். பாறையில் இருந்த தங்கமோ செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிப்போயிற்று. குழிகள் இன்றும் புதர் மூடிக் கிடக்கின்றன. அந்த எந்திரங்கள் போட்ட இரைச்சல் எப்படி இருந்திருக்கும்? நமக்குத் தெரியாது. ஒலியைப் பிடிக்கும் கருவி அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கருவி நம் பக்கம் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909 இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். ஊர் ஊராகப் போனபோது அளவுகோல், காமிராவுடன் ஒரு போனோகிராஃபையும் எடுத்துச் சென்று பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சு அடைத்து மியூசியத்தில் வைக்க வந்திருக்கிறார் என்று அஞ்சினார்களாம். தர்ஸ்டன் இதை ஒரு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் அஞ்சியதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெழுகு உருளை ஒன்றில் ஏறக்குறைய இரண்டு நிமிட ஒலிதான் அடங்கும். ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் வரியைக் கொஞ்சம் சுரண்டும். நூறு தடவை கேட்டால் பாட்டு மங்கிவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். தேவாலா போன்ற இடத்தில் அதன் ஆயுள் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1913 முதல் 1929 வரை இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக எடுத்த கிராமபோன் தட்டுகள் இதைவிட உறுதியானவை. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மொழியில் சொல்ல, அதைப் பதிந்தார்கள். அவற்றை இன்று இணையத்திலேயே கேட்கலாம். ஆனால் தட்டானாலும், பின்னால் வந்த காந்த நாடாவானாலும், ஒரு குறை நீங்கவில்லை. படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் சேரும். படியின் படிக்குப் படி எடுத்தால் பாட்டைவிட இரைச்சலே மிகும். மொழியியல் அறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தபோது பெரும்பாலும் காதால் கேட்டுக் கையால்தான் எழுதினார். தோடர் பாடல்களை அவர் பெரிய நூலாக வெளியிட்டது 1971 இல். எழுத்து மங்குவதில்லை, எத்தனை படி எடுத்தாலும் 'அ' என்பது 'அ' தான்.

ஒலியையும் அப்படி எழுதிவைக்க முடியுமா?

மழைமானியும் ஒலியும்

முடியும் என்று காட்டியவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1937 இல் பாரிசில் ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியில் போகும் பேச்சு தூரம் செல்லச் செல்ல இரைச்சலில் அமிழ்ந்துவிடுவதுதான் அவர் முன் இருந்த சிக்கல். அலையையே ஏன் அனுப்ப வேண்டும், அலையின் அளவுகளை எண்ணாக அனுப்பினால் என்ன என்று கேட்டார் அவர்.

இதை விளக்கத் தேவாலா மழையையே எடுத்துக்கொள்வோம். மழை தொடர்ந்து பெய்யும் ஒன்று. வானிலை நிலையத்தார் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைத் தந்தியில் அனுப்பலாம், நூறு பேர் படியெடுக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்தும் பார்க்கலாம். எண் நனைவதில்லை. ஒலியிலும் இதேதான். காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதை மைக் மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. அதை ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறோம். (ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்: மழைமானி நாள் முழுதும் சேர்ந்ததைக் காட்டுகிறது, ஒலியில் அந்தந்தக் கணத்தின் அழுத்தத்தை அளக்கிறோம்.)

எத்தனை தடவை அளந்தால் போதும்? நாளுக்கு ஒரு தடவை மட்டும் பார்த்தால், மழை ஒரே மணி நேரத்தில் கொட்டியதா, இரவெல்லாம் தூறியதா என்று தெரியாது. விரைவாக மாறும் ஒன்றை விரைவாக அளக்க வேண்டும். எவ்வளவு விரைவாக என்பதற்குக் கணிதம் ஒரு தெளிவான விடை தந்தது. நைக்விஸ்ட் 1928 இல் தந்தி பற்றிய ஆய்வில் இதைத் தொட்டார். சோவியத் நாட்டில் கோட்டெல்னிகோவ் 1933 இல் எழுதினார். ஷானன் 1949 இல் முறையாக நிறுவினார். ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்துவிட்டால், இடையில் விட்ட எதுவும் விடுபட்டதாகாது. எண்களிலிருந்து அலையை அப்படியே திருப்பி வரைந்துவிடலாம். முதல் தடவை படித்தபோது எனக்கு இது ஏமாற்று வேலை போல் இருந்தது. தாளில் அலை வரைந்து பார்த்த பிறகுதான் நம்பினேன். நீங்களும் வரைந்து பாருங்கள்.

ரீவ்ஸ் காலத்தில் இதைச் செய்ய வெற்றிடக் குழாய்கள்தான் இருந்தன. செலவு தாங்காது. டிரான்சிஸ்டர் வந்து நிலைபெற்ற பின், 1962 இல்தான் அமெரிக்காவில் பெல் நிறுவனம் இம்முறையைத் தொலைபேசித் தடங்களில் புகுத்தியது. வினாடிக்கு 8,000 அளவுகள் என்ற அந்தக் கணக்கு உலகெங்கும் வழக்கமாயிற்று. நம் நாட்டில் 1984 இல் தொடங்கிய சி-டாட் அமைப்பு வடிவமைத்த சிற்றூர்த் தொலைபேசி நிலையம் 1986 இல் கர்நாடகத்துக் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. அதற்குள்ளும் பேச்சு எண்களாகத்தான் ஓடிற்று. எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்குப் பேசிய தலைமுறைக்குத் தெரியாமலே அவர்கள் குரல் வினாடிக்கு 8,000 துண்டாயிற்று.

கம்பியில் ஓடிய எண்கள் பேச்சு முடிந்ததும் மறைந்துவிடும். அவற்றைச் சேர்த்துவைத்துக் கணிப்பொறியால் படிப்பதும் எழுதுவதும் வேறு கதை. அக்கதையின் தொடக்கம் 1957. பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் 'மியூசிக்' என்று ஒரு நிரல் எழுதினார். பாட யாருமில்லை, மைக்கும் இல்லை. அலை எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதை ஐ.பி.எம். 704 கணிப்பொறியே கணக்கிட்டு, எண்களைக் காந்த நாடாவில் எழுதியது. கணிப்பொறி இருந்ததோ நியூயார்க்கில். எண்ணை ஒலியாக்கும் கருவி இருந்ததோ நியூஜெர்சியில். நாடாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டினார்கள். பதினேழு வினாடி இசை வந்தது. கேட்பதற்கு அப்படியொன்றும் இனிமையாக இல்லை என்பார்கள். இருந்தாலென்ன? ஒரு நிரல் எழுதிய ஒலியை மனிதக் காது கேட்டுவிட்டது.

44,100 எங்கிருந்து வந்தது?

1982 இல் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. அதில் வினாடிக்கு 44,100 அளவுகள். நம் காது மேலே ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதன் இருமடங்கு 40,000. கொஞ்சம் இடைவெளி விட்டால் 42,000 அல்லது 45,000 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே? இந்த 44,100 எதற்கு?

காரணம் தொலைக்காட்சி. அந்நாளில் இத்தனை எண்களை வேகமாக எழுதிவைக்கக்கூடிய மலிவான கருவி வீடியோ டேப் ரிக்கார்டர் ஒன்றுதான். எனவே படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களை வைத்து எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் வினாடிக்கு 60 புலங்கள், ஒன்றில் பயன்படும் வரிகள் 245. அறுபதை 245 ஆல் பெருக்கி மூன்றால் பெருக்குங்கள். ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், வரிகள் 294. அதையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை! வீடியோ டேப் வழக்கொழிந்துவிட்டது. அதன் நிழல் மட்டும் இன்றும் நம் பாட்டுக் கோப்புகளில் தங்கியிருக்கிறது.

ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகள். இடது, வலது என இரண்டு தடம். ஒரு நிமிட இசைக்கு 1,05,84,000 பைட். அந்நாளைய நெகிழ்வட்டின் கொள்ளளவு 14,74,560 பைட். ஒரு வட்டில் எட்டு வினாடிப் பாட்டுதான் பிடிக்கும்! சுருக்கம் என்ற பேச்சு ஏன் எழுந்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அதற்குப் பிறகு வருவோம்.

நாற்பத்து நான்கு பைட்டுகள்

எண்கள் மட்டும் வரிசையாக இருந்தால் போதாது. வினாடிக்கு எத்தனை, எத்தனை தடம், ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் என்ற விவரமும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் அது முகவரி இல்லாத தபால். 1985 இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் ஒரு வழி சொன்னார்கள். கோப்பைத் துண்டுகளாகப் பிரி, ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயர் ஒன்று, அதையடுத்து அதன் நீளம், அதன்பின் சரக்கு. படிக்கும் நிரலுக்குத் தெரியாத பெயர் வந்தால், நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடலாம். ஆப்பிள் நிறுவனம் 1988 இல் இதை ஒலிக்கு ஏற்றது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991 ஆகஸ்டில் வெளியிட்ட வடிவம்தான் 'வேவ்' கோப்பு. இன்று சுருக்காத ஒலி என்றாலே பெரும்பாலும் இதுதான்.

அதன் எளிய வடிவத்தில் தலைப்பகுதி 44 பைட். முதல் நான்கில் 'ஆர், ஐ, எஃப், எஃப்' என்ற எழுத்துகள். அடுத்த நான்கில் கோப்பின் மீதி நீளம். பின் 'வேவ்' என்ற நான்கெழுத்து. அதன்பின் விவரத் துண்டு. அதில் வகை எண் 1 என்று இருந்தால் சுருக்காதது என்று பொருள். தடங்கள், வினாடிக்கு அளவுகள், வினாடிக்குப் பைட்டுகள், பிட்டுகள் எல்லாம் அதில் வரும். கடைசியாக 'டேட்டா' என்ற பெயரும் அதன் நீளமும். நாற்பத்தைந்தாவது பைட்டிலிருந்து ஒலி. வேறு துண்டுகள் நடுவே செருகப்பட்டிருந்தால் இந்த இடம் தள்ளிப்போகும். எனவே 44 என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், துண்டுகளைத் தாண்டித் தாண்டி 'டேட்டா'வைத் தேடுவதே முறை.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும். 8,000 என்ற எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும்: 31 தடவை 256, மீதி 64. எதை முதலில் எழுதுவது? நாம் 1947 என்று எழுதும்போது பெரியதை, அதாவது ஆயிரத்தை, முதலில் எழுதுகிறோம். ஆனால் 15-8-1947 என்று தேதி போடும்போது சிறியதாகிய நாளை முதலில் எழுதுகிறோம். இரண்டும் பழக்கம்தானே! ஆப்பிளின் அந்நாளைய மோட்டரோலா சில்லுகள் பெரியதை முதலில் வைத்தன. இன்டெல் சில்லுகள் சிறியதை. வேவ் கோப்பு இன்டெல் வழி. எனவே அதில் 8,000 என்பது 64, 31, 0, 0 என்று கிடக்கும். கலிவரின் பயணக் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று இரு நாட்டார் போரிடுவார்கள். 1980 இல் டேனி கோஹென் என்பவர் அந்தப் பெயர்களையே இச்சண்டைக்கு வைத்தார், அவையே நிலைத்துவிட்டன.

சிரிப்புக்குரிய சண்டையாகத் தோன்றலாம். ஒலியில் இதன் விளைவைப் பாருங்கள். 1 என்ற மெல்லிய அளவு 1, 0 என்று எழுதப்பட்டிருக்கும். திருப்பிப் படித்தால் 256. முணுமுணுப்பு முழக்கமாகும், முழக்கம் முணுமுணுப்பாகும். பாட்டுக்குப் பதில் தகரக் கூரையில் மழை கொட்டுவது போன்ற இரைச்சல் வரும். நிரல் எழுதப் பழகுபவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இந்த மழையில் நனைந்திருப்பார்.

வேவ் வந்த அதே 1991 இல்தான் பைத்தான் என்ற நிரல்மொழியும் வெளிவந்தது. அதோடு இலவசமாகவே வரும் 'வேவ்' என்ற பகுதி, மேலே சொன்ன தலைப்பகுதி வேலையை நமக்காகச் செய்துவிடுகிறது. கோப்பைத் திறந்து, தடம் எத்தனை, வேகம் எத்தனை என்று கேட்டு, 'ரீட்ஃப்ரேம்ஸ்' என்றால் பைட்டுகளை அள்ளித் தரும். அவை எண்கள் அல்ல, வெறும் பைட்டுகள். இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணாக்குவது உங்கள் வேலை. இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. அகலம் கேட்கும் இடத்தில் 16 என்று எழுதிவிடாதீர்கள். அங்கே கணக்கு பைட்டில், ஆகவே 2. அடுத்து, 16 பிட் கோப்பில் அமைதி என்பது 0. பழைய 8 பிட் கோப்பில் அமைதி என்பது 128. இது தெரியாமல் 8 பிட் கோப்பில் 0 களை நிரப்பினால் தொடக்கத்திலும் முடிவிலும் 'டப்' என்று அடிக்கும்.

இன்று மாலையே ஒரு சோதனை செய்யுங்கள். வினாடிக்கு 8,000 அளவு, ஒரு தடம், 16 பிட் என்று வைத்து, 20 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஒரு நிமிடத்துக்கு எழுதுங்கள். ஓர் அலைக்கு 400 எண்கள். மொத்தம் 4,80,000 எண்கள். கோப்பின் அளவு 9,60,044 பைட் வந்தால் நீங்கள் செய்தது சரி. இயக்கிப் பாருங்கள். ஒன்றும் கேட்காது! ஏமாற வேண்டாம். அதே எண்களை அப்படியே இன்னொரு கோப்பில் எழுதி, வேகத்தை மட்டும் 48,000 என்று போடுங்கள். பத்தே வினாடியில் முடிந்துவிடும். ஆனால் 120 ஹெர்ட்ஸில் தம்புராவின் அடிச் சுருதி போல் ஒரு ரீங்காரம் கேட்கும். ஒலியின் ஓர் எண்ணைக்கூட நாம் தொடவில்லை. தலைப்பகுதியில் வேகத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

தொலைந்த யானை

இப்போது தேவாலா வாழைத்தோட்டத்துக்குத் திரும்புவோம்.

யானைகள் நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியில், அதாவது குற்றொலியில், பேசிக்கொள்கின்றன என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இதை முதலில் குறிப்பிட்டவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், காட்டில் யானைகளின் பின்னே பல ஆண்டு அலைந்தவர். கேட்டும் கேட்காததுமான ஒரு தொண்டைத் துடிப்பால் யானைகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்வதாக 1970 களின் தொடக்கத்தில் அவர் எழுதினார். அவரிடம் இருந்த கருவி அவருடைய காதும் பொறுமையும்.

1984 இல் அமெரிக்காவின் போர்ட்லந்து விலங்குக்காட்சியில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர், காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் குழாயின் அருகே நின்று பாடியபோது உடம்பில் பட்ட அதிர்வு அவருக்கு நினைவு வந்தது. தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும் கருவியால் பதிந்து, நாடாவை வேகமாக ஓட்டிக் கேட்டார்கள். யானைகள் பேசிக்கொண்டிருந்தன! அந்த அழைப்புகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை என்று 1986 இல் வெளியிட்டார்கள். நீங்கள் மாலையில் செய்யப்போகும் சோதனையும் இதுவேதான். அவர்கள் நாடாவின் வேகத்தை மாற்றினார்கள், நீங்கள் ஓர் எண்ணை மாற்றுகிறீர்கள். பின்னர், தேவாலாவிலிருந்து கூடலூரைத் தாண்டினால் வரும் முதுமலைக் காட்டிலேயே, பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் காட்டு யானைகளின் குரல்களைப் பதிந்து, பிளிறல், கீச்சொலி, கர்ச்சனை, உறுமல் என நான்கு வகையாகப் பிரித்து 2009 இல் எழுதினார்கள்.

உங்கள் கைப்பேசி அதைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றல்ல. மனிதப் பேச்சுக்காகச் செய்த கருவி அது. காற்று இரையும் சத்தம் வராமலிருக்கத் தாழ்ந்த ஒலிகளை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததையும் அடுத்து சுருக்கம் பிடித்துக்கொள்கிறது. 1990 களில் பரவிய எம்.பி.3 யும் அதன் தம்பிகளும், மனிதக் காதுக்கு எது கேட்காது என்று கணக்குப் போட்டு, அந்தப் பகுதிக்கு இடத்தைக் குறைக்கின்றன, அல்லது அடியோடு விட்டுவிடுகின்றன. பாட்டுக் கேட்க இது மிக நல்ல ஏற்பாடு. நெகிழ்வட்டுக் கணக்கை முன்பே பார்த்தோம். ஆனால் யானைக்கு நேர்ந்த அநீதியைப் பாருங்கள். அதன் தாழ்ந்த குரல் 'கேட்காது' என்று தள்ளப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. தள்ளியதைத் திரும்பப் பெற எந்த நிரலாலும் முடியாது. (இழப்பே இல்லாமல் சுருக்கும் முறைகளும் உண்டு, 2001 இல் வந்த ஃப்ளாக் அப்படிப்பட்டது. விரித்தால் ஒவ்வோர் எண்ணும் அப்படியே திரும்பக் கிடைக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

யானைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் அச்சேறியது மிகக் குறைவு. ஒரு கிழவி பாடும் பாட்டை இன்று யாராவது பதிந்தால், அதில் எந்த நுணுக்கம் முக்கியம் என்பதை ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆராய்ச்சியாளர்தான் சொல்ல வேண்டும். மூச்சின் ஒலியா, மெய்யெழுத்தின் முனையா, பின்னணியில் கேட்கும் பறவையா? 1984 க்கு முன் யானைகளின் அருகே சாதாரணக் கருவி வைத்து ஒலிப்பதிவு செய்தவர்களுக்குத் தாங்கள் எதைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது. ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் சுருக்காத கோப்பாக, வினாடிக்கு 48,000 அளவும் 24 பிட்டும் குறையாமல் வைக்கச் சொல்வது இதனால்தான்.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பைத்தானில் வேவ் பகுதியோடு கூடவே, ஆப்பிளின் பழைய வடிவத்தையும் சன் நிறுவனத்தின் வடிவத்தையும் படிக்கும் பகுதிகளும் நெடுங்காலம் இருந்தன. 2024 இல் வந்த 3.13 ஆம் பதிப்பில் அவை நீக்கப்பட்டுவிட்டன. வேவ் மட்டும் தப்பியது. பலர் பயன்படுத்தும் எளிய வடிவம் நெடுநாள் வாழ்கிறது. மெழுகு உருளைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அடுத்த மழைக்கு முன் நல்ல மைக்கும் தனிப் பதிவுக் கருவியும் கொண்டு தேவாலாவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். வேவ் தலைப்பகுதியில் நீளத்துக்கு நான்கு பைட்தான். ஆகவே கோப்பு 4,29,49,67,296 பைட்டைத் தாண்ட முடியாது. 48,000 வேகம், 16 பிட், இரண்டு தடம் என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாலை ஆறரைக்கு ஓடவிட்டால் நள்ளிரவு தாண்டியதும் நிரம்பிவிடும்; யானையோ இரண்டு மணிக்கு வரும். மணிக்கு ஒரு கோப்பாக வெட்டிக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மின்கலம். பதிவு எவ்வளவு நீளும் என்பது தொடக்கத்தில் கருவிக்குத் தெரியாது. எனவே பல கருவிகள் நீளத்தை 0 என்று எழுதிவைத்து, முடியும்போதுதான் திரும்பிப் போய்த் திருத்துகின்றன. நடுவில் மின்கலம் தீர்ந்தால், அல்லது வந்த விருந்தாளி கருவியை மிதித்துவிட்டால், திருத்த ஆளில்லை. காலையில் நிரல், "கோப்பில் ஒலி இல்லை" என்று கைவிரிக்கும். பலர் அத்தோடு அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். கோப்பின் மொத்த அளவைப் பாருங்கள்; அது பெரிதாக இருந்தால் எண்கள் உள்ளேதான் இருக்கின்றன. எளிய தலைப்பகுதியாக இருந்தால், மொத்தத்திலிருந்து எட்டைக் கழித்து ஐந்தாம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில் எழுதுங்கள். நாற்பத்து நான்கைக் கழித்து நாற்பத்தோராம் பைட்டிலிருந்து எழுதுங்கள். சிறியது முதலில், மறந்துவிடாதீர்கள். பிறகு ஒரு படி எடுத்து அதன் வேகத்தை ஆறு மடங்காக்கி ஓட்டுங்கள். மழை சீறும், நாய்கள் கீச்சிடும். அவற்றுக்கு அடியில் கவனித்துக் கேளுங்கள்.